தாமஸ் தாத்தாவின் விரல்

அயர்லாந்து வம்சாவளி விசாவுக்கு இப்போதெல்லாம் கொள்ளுத்தாத்தாவே வந்து சாட்சி சொல்ல வேண்டும். பழைய பதிவேடுகளையும் வீட்டுக் கதைகளையும் கொடுத்தால் இறந்துபோனவரைத் திரையில் பேசும் உருவமாகக் கணினியில் உருவாக்கித் தருகிறார்கள். என் தம்பி டெஸ்மண்ட் வரவழைத்த தாமஸ் கீகன், பொன்மலையில் எங்கள் வீட்டுச் சுவர்த்திரையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்கு விசாரணை.

எனக்கு அவர் மேல் நம்பிக்கையில்லை. ரயில்வே கோப்பு அவர் கார்க் நகரில் பிறந்தார் என்கிறது. சர்ச் பதிவேடோ இருபத்திரண்டு வயதில் இங்கே ஞானஸ்நானம் பெற்றார் என்கிறது. கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடும் அயர்லாந்துக்காரர் யாராவது அத்தனை வயது வரை காத்திருப்பாரா? அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கே கிடைத்த எஞ்சின் டிரைவர் வேலைக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட உள்ளூர் ஆள் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

"இடது கை விரல் எப்படிப் போச்சு தாத்தா?" என்று கேட்டேன்.

"கப்பல்ல வரும்போது நங்கூரச் சங்கிலி நசுக்கிடுச்சும்மா."

நான் தம்பியிடம் திரும்பினேன். "டேய், அது அஞ்சாங்கிளாஸ் கட்டுரைக்காக நான் கட்டிவிட்ட கதைடா."

"நீ சும்மா இரு அக்கா. சொந்தக்காரங்க ஒம்பது பேரு அதையேதான் சொல்லியிருக்காங்க."

"அவங்க எல்லாருக்கும் சொன்னதே நான்தான்."

திரையில் இருந்தவர் முன்னால் குனிந்து என்னையே உற்றுப் பார்த்தார்.

"யாரு தம்பி இந்தப் பொண்ணு? நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி பேசலையே."

டெஸ்மண்ட் விண்ணப்பத்தைத் திறந்து, உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் இருந்த என் பெயரை நீக்குவதற்காக அதன் மேல் விரலை வைத்தான்.