மாதையனின் ஞாயிற்றுக்கிழமை

"கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறாரு பாருங்க. வாத்தியாருன்னா அவருதான் வாத்தியாரு!" என்றார் கண்டக்டர்.

கிருஷ்ணப்பன் பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், தலைமையாசிரியர் சவரிமுத்துவும் அவர் பள்ளிக்கூடத்துப் பியூன் மாதையனும் கை கோத்தபடி சாராயக் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறாங்க?"

"மாதா கோயிலுக்குப் பின்னால, குடியை விடறவங்க கூட்டம் நடக்குதாம். ஞாயித்துக்கிழமை தவறாம பென்னாகரத்துலேருந்து அந்தக் குடிகாரனைக் கூட்டியாந்துடறாரு. பெத்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

கிருஷ்ணப்பன் மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிக்கொண்டார்.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாசம், மாதையன் மகள் செல்லியைத் தன் மகன் முனிராஜுக்குப் பேசி வெற்றிலை மாற்றியிருந்தார். வைகாசியில் கல்யாணம். அதற்குள் இந்தப் பேச்சு காதில் விழுந்தது. பைக்குள் இருந்தது வெற்றிலை பாக்கு. அதைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்தது. வேறு வார்த்தை வேண்டியதில்லை.

மூத்த மகள் பெரியம்மாளை அவர் விசாரிக்காமல் கொடுத்தது ஒரு குடிகாரன் வீட்டில்தான். மூன்றாம் வருஷம் அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள். காரியம் முடிந்த அன்று மனைவி சென்னம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று: "இனிமே குடிகாரன் வூட்டு வாசப்படியை நாம மிதிக்கக் கூடாது."

கிருஷ்ணப்பன் இறங்கி, கோயிலின் பின்பக்கம் போனார். ஓட்டுக் கட்டடம். கதவு சாத்தியிருந்தது. வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், மாதையன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போகாம வெளிய என்ன பண்ற? வாத்தியாரு அசந்த நேரம் பாத்து நழுவிடலாம்னா?"

மாதையன் பதறி எழுந்தார். "வாங்க சம்பந்தி..."

"சம்பந்தின்னு சொல்லாத." பையை நீட்டினார். "வெத்தலை. பிடி."

மாதையன் இரண்டு கையாலும் பையை வாங்கினார்.

"செல்லி ஒரு தப்பும் பண்ணலீங்க."

"அவ பண்ணலை. நீ பண்ணியிருக்க. குடிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு பாப்பம்."

மாதையன் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஜன்னல் வழியாக அந்தக் குரல் வந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குரல். கொடியேற்றி வைத்துப் பேசுகிற குரல்.

"என் பேர் சவரிமுத்து. நான் ஒரு குடிகாரன். குடிக்காம இன்னைக்கு நாப்பத்தோரு நாள். பஸ் ஸ்டாண்டு கடையைத் தாண்டறப்ப இன்னைக்கும் கால் அந்தப் பக்கம்தான் திரும்புச்சு. கூட வந்தவன் என் கையை விடலை."

கிருஷ்ணப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். மாதையனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"நீங்க குடிப்பீங்களா?"

"டீத்தண்ணியே ஆவாதுங்க எனக்கு. வவுறு எரியும்."

"அப்புறம் ஏன்யா இந்தப் பேரு?"

"ஆஸ்பத்திரிச் சுவத்துல இந்தக் கூட்டத்து நோட்டீசு ஒட்டியிருந்துதுங்க. நான்தான் கிழிச்சாந்து சார் மேஜையில வெச்சேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், வரமாட்டேன்னாரு. என்னைக் கூட்டிட்டுப் போற மாதிரி வாங்க சார்னேன்."

"பொண்ணு வாழ்க்கை?"

"வெத்தலை திரும்பினது சாருக்குத் தெரிய வேணாங்க. தெரிஞ்சா ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிடுவாரு. சொல்லிட்டு நேரா கடைக்குப் போயிடுவாரு. போன வருசம் ரத்தமா வாந்தி எடுத்தவருங்க. இன்னொரு தடவை தாங்காது."

உள்ளே யாரோ கை தட்டினார்கள்.

"இங்க பேசறது வெளிய போவக் கூடாதுங்க" என்றார் மாதையன். "அதான் இங்கத்திய சட்டம். உங்க வூட்டம்மாகிட்டகூட சொல்லிடாதீங்க."

கிருஷ்ணப்பன் அவர் கையிலிருந்து பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சென்னம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "குடுத்துட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்? விசாரிச்சீங்களா? அந்தாளு குடிக்கறவனா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

கிருஷ்ணப்பன் உள்ளே போய்ப் பெரியம்மாளின் போட்டோவுக்கு முன்னால் பையை வைத்தார். அங்கேயே, திரும்பாமல் சொன்னார்:

"குடிகாரன்தான். பொண்ணை எடுக்கறோம்."