எஞ்சினின் காது

"கொஞ்சம் குனிங்க மாமா" என்றாள் என் மருமகள் த்ரிசலா.

நான் குனியவில்லை. அவள்தான் கார் ஸீட்டில் முழங்காலை ஊன்றி, எழும்பி, ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.

கஞ்சி போட்ட சட்டை. மடியில் லேப்டாப். காதுகளில் இரண்டு கறுப்புக் கிண்ணங்கள். இந்தக் கோலத்தில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலைக் கடந்தோம். தெரிந்தவர்கள் சிலர் வணக்கம் வைத்தார்கள். நான் நேராகப் பார்த்தேன்.

என் மகன் அஜிதன் மண்டியில் இருக்கிறானாம். இவள் எஞ்சினில் மைக்கைப் பொருத்தியிருக்கிறாளாம். கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். வேறு யாரும் கிடைக்கவில்லையாம்.

நாங்கள் அரிசி மண்டிக் குடும்பம். இந்த வீட்டு மருமகள் ஷெட் போட்டு எஞ்சினை நோண்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைக் கத்திச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. ஒரு பேச்சு வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் நடக்கிற கார் பந்தயத்தில் எங்களுடைய இந்த வெள்ளைக் கார் நன்றாக ஓடினால் ஷெட் இருக்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு மண்டிக்கு வந்து உட்கார வேண்டும்.

"சரிங்க மாமா" என்றிருந்தாள். அந்தச் 'சரிங்க'வில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இதுவரை கார் ஓடத்தான் செய்தது. பலம் வரவில்லை.

ஏன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. காற்றுக்குத் தக்க பெட்ரோல் போக வேண்டும். கம்மியானால் உள்ளே சூடேறித் தட்டும். ஜாஸ்தியானால் கறுப்பாகப் புகைந்து சோம்பிப்போகும். பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறியைக் கொஞ்சம் முன்னதாக விட்டால் பலம் கூடும். ரொம்ப முன்னதாக விட்டால் அப்போதும் தட்டும்.

எஞ்சினின் பக்கவாட்டில் காது மாதிரி ஒரு கருவி இருக்கிறதாம். அதற்குத் தட்டல் கேட்டால் காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் பயந்துகொண்டு பொறியைத் தாமதமாக்கிவிடும். பலம் போய்விடும்.

பெட்ரோலைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். பொறியைப் பின்னால் தள்ளிப் பார்த்திருக்கிறாள். அந்தக் காதுக்கு என்னவோ கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ரசத்துக்குத் தாளிக்கவே பதம் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்றேன்.

"அதேதான் மாமா. தட்டுனா கடுகு வெடிக்கிற மாதிரி கேக்கும். நம்ம வீட்டு ரசத்துல கேக்காது, இதுல கேக்கும். கேட்டா சொல்லுங்க."

புறப்படுவதற்கு முன் வழக்கப்படி பானெட்டைத் திறந்து தகட்டைக் கும்பிட்டிருந்தேன். என் தாத்தா அப்பாண்டை நயினாரின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. எங்கள் முதல் லாரி முதல் எல்லா வண்டியிலும், எஞ்சின் மேலேயே அது இருக்கும். ஊர் பார்க்க அல்ல, வண்டிக்குத் தெரிய. வீட்டுக்கு மூத்தவனைத் தவிர யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஒரு மெக்கானிக் துடைக்கிறேன் என்று கழற்றினான். அவன் ஷெட் பக்கம் எங்கள் லாரி மறுபடி போனதில்லை.

வேலூர் சாலை காலியானதும் மிதித்தாள்.

என் முதுகு எதிலும் சாய்ந்து பழக்கமில்லாதது. ஸீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் எங்கள் ஊர் மலை சின்னதாகிக்கொண்டே போனது.

அப்போது கேட்டது.

கடுகு இல்லை. பித்தளைச் சொம்பில் கரண்டி பட்டால் வருமே, அந்த ஓசை. மெல்லிசாக, விடாமல். வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பயந்துகொண்டிருந்தது.

த்ரிசலா வேகத்தைக் குறைத்தாள். "தட்டுச்சா மாமா?"

தட்டியது என்று சொல்லலாம். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் திணறும், திங்கட்கிழமை ஷட்டர் இறங்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் சென்னையில், அத்தனை பேர் முன்னால், கடைசியாக வரப்போவது யார் பெயரைத் தாங்கிய கார்?

"நிறுத்தும்மா" என்றேன்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். தகட்டின் திருகுகள் இறுக்கமாகத்தான் இருந்தன, நான் திருகியவை. நடுவில்தான் தகடு நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டை வைத்து அழுத்தினேன். நடுக்கம் அடங்கியது, அந்த ஓசையும் நின்றது.

அவளை எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பெரியவர் இந்தச் சூட்டுல கெடக்கக் கூடாது. உள்ள, முன்னாடி வெக்கிறதுதான் மரியாதை."

அவள் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து நீட்டினாள். அந்தத் திருகுகளுக்குச் சரியான அளவு.

நானே கழற்றினேன். துண்டில் பொதிந்து எடுத்துவந்து உட்கார்ந்தேன். ஷெட்டுக்குப் போனதும் டாஷ்போர்டில் துளை போடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

எனக்கு நேர் எதிரே, டாஷ்போர்டில், இரண்டு துளைகள் இருந்தன. வழியெல்லாம் நான் நேராகப் பார்த்துக்கொண்டு வந்த இடத்துக்குச் சற்றுக் கீழே.

தகட்டை வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது.

துளைகளுக்குள் தூசு படிந்திருந்தது.

த்ரிசலா ஜன்னல் வழியாக யாரோ ஒருவருடைய கடலைக் கொல்லையை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருகி முடித்தேன். "ஓட்டும்மா" என்றேன்.

ஓட்டினாள். கடுகும் இல்லை, பித்தளையும் இல்லை. முதுகு மறுபடி, முன்னைவிட அழுத்தமாக, ஸீட்டில் ஒட்டியது. இந்தத் தடவை அதை அப்படியே விட்டுவிட்டேன்.

துளைகளை எப்போது போட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஷெட் வாசலில் ஹெட்போனைக் கழற்ற அவள் கை நீட்டியபோது, கொஞ்சம் குனிந்தேன்.