மறுவீட்டுப் பாட்டு

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அப்படி யாரும் கட்டமாட்டார்கள். குழாய் தெருவைப் பார்க்கும், ரோட்டைப் பார்க்கும். நம் வீட்டு விசேஷம் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கேட்க வேண்டும். அதற்குத்தானே மைக் செட்.

மைக் செட் வைத்திருக்கும் சுடலை அண்ணனிடம் சொன்னேன்.

"ஒங்க சித்தப்பா அப்பிடித்தான் கட்டச் சொன்னாரு தாயி" என்றார், கையிலிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டே.

சிவபாண்டியும் நானும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கே.கே. நகரில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிக்க வச்சதுக்கு நல்லாச் செஞ்சிட்ட" என்று போனில் காறித் துப்பிய முதல் ஆள் விருமாண்டி சித்தப்பா. அடுத்து, சிவபாண்டியின் சாதியை வைத்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அதே சித்தப்பா போன வாரம் கூப்பிட்டார். "நடந்தது நடந்துபோச்சு. மாப்ளயக் கூட்டிக்கிட்டு மறுவீட்டுக்கு வா. மைக் செட்டே கட்டுறோம்."

மன்னிக்கிறார்களாம். மன்னிக்க இவர்கள் யார் என்று கேட்டேன், போனை வைத்த பிறகு, சுவரிடம்.

ஆனாலும் வந்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும். அதோடு, நான் நம்பியது அந்த மைக் செட்டை. மைக் செட் கட்டிக் கூப்பிடுகிறவர்கள் ஊரறியக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கொட்டாம்பட்டி தாண்டி ஊருக்குள் வண்டியை விட்டபோது தெருவில் ஆளே இல்லை. வீட்டு வாசலில் எங்கள் இருவர் செருப்புதான் கிடந்தது.

"எல்லாரும் அழகர்கோவிலுக்குப் போயிருக்காக. வந்துருவாக" என்றான் அண்ணன் அருள்பாண்டி. சொல்லிவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டான்.

இலை போட்டார்கள். அம்மா பரிமாறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவபாண்டி போதும் போதும் என்று இலையை மறைத்த பிறகும் சோற்றை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் பாட்டு தொடங்கியது. முதலில் நாதஸ்வரம், பிறகு மாட்டுவண்டிச் சலங்கை, பிறகு அந்தப் பெண் குரல்.

சிவபாண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, மறுவீட்டுப் பாட்டு!"

எஃப்.எம்.மில் பழைய பாட்டுகள் பிறந்த கதை சொல்வது அவன் வேலை. சோற்றில் கை வைத்தபடியே ஆரம்பித்துவிட்டான். ஓடிப்போய்க் கல்யாணம் செய்த தங்கையை அண்ணன்மார் மன்னித்து மறுவீட்டுக்கு அழைக்கும் காட்சிக்கு எழுதியதாம். எழுதிக் கொடுத்ததையெல்லாம் தயாரிப்பாளர் தூக்கிப் போட்டாராம். கடைசியில் அந்தக் கவிஞர், வீட்டை விட்டுப் போன தன் சொந்தத் தங்கையை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினாராம். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாட்டைப் பிழைக்க வைத்தது ஊர் ஊராக மைக் செட்காரர்கள்தானாம்.

"இந்தப் பாட்டுப் போடாத கல்யாண வீடு உண்டா மாமா?" என்று எதிரில் நின்ற சித்தப்பாவைக் கேட்டான்.

உண்டு. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அதைப் போடமாட்டார்கள்.

கனகலட்சுமி அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, கல்யாணம் ஆகாமலே வயிற்றுவலியில் செத்துப்போனவள். அன்றைக்கு எங்கோ இந்தப் பாட்டு ஓடியதாம். அதனால் அவளுக்கு ஆகாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். வீட்டு மூலையில் கன்னித் தெய்வமாக அவளை வைத்து, வருஷா வருஷம் தை மாதத்தில் புதுப் பாவாடை படைப்போம். கன்னியாகச் செத்தவளுக்குச் சேலை படைக்கக் கூடாது.

பன்னிரண்டாவது படிக்கும்போது அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அத்தை சாகும்போது நீ எங்கே இருந்தாய் என்று. அம்மா அப்போது இந்த வீட்டுக்குப் புது மருமகள்.

"அடுப்படில இருந்தேன். எனக்குப் பாட்டு மட்டுந்தான்டி கேட்டுச்சு."

கேட்டதற்குப் பதில் இல்லையே என்று எரிச்சல்பட்டு விட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்தது. சிவபாண்டி ஒரு வாய் சோறு எடுத்தான்.

மறுபடியும் அதே நாதஸ்வரம். இந்த முறை சத்தம் கூடியிருந்தது. டம்ளரில் தண்ணீர் நெளிந்தது.

"சித்தப்பா, இது நம்ம ஊர்ல போடக் கூடாதுல்ல?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து குந்தினார். சிவபாண்டியின் காதுக்குப் பக்கத்தில், எனக்கும் கேட்கும்படி, அன்பாகச் சொன்னார்.

"மெதுவாச் சாப்பிடுங்க மாப்ள. எங்கக்கா மறுவீட்டுக்கு வந்தப்பவும், அவ மாப்ள இதே எடத்துலதான் உக்காந்திருந்தாரு. அன்னைக்கிப் பூராவும் இந்தப் பாட்டுத்தான்."

பாவாடை படைக்கும் அத்தைக்கு மாப்பிள்ளை.

நிலைப்படியில் நின்ற அண்ணன் கதவைச் சாத்தினான். பாட்டு குறையவில்லை.

சித்தப்பாவைத் தாண்டிச் சிவபாண்டியின் கையைப் பிடித்து இழுத்தேன். "எந்திரி" என்றேன். அவன் இடது கையால் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான், கேட்கவில்லை என்று.

அம்மாவைப் பார்த்தேன்.

அவள் கரண்டியைச் சோற்று வாளிக்குள் போட்டாள். திரும்பி அடுப்படிக்குள் போனாள்.