கடைசி இயந்திரத்தின் குரல்

சூப்பர் மார்க்கெட்டில் வாங்குபவர்களே பில் போடும் இயந்திரங்கள் நான்கு இருக்கின்றன. கடைசி இயந்திரம் போன வருடம் காலமான என் மனைவியின் குரலில் பேசுகிறது. மருமகளிடம் சொன்னேன்.

"எல்லா மெஷினுக்கும் ஒரே குரல்தான் மாமா. அத்தை யாருக்கு நன்றியெல்லாம் சொன்னாங்க?" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்களிடம் வாய் கொடுப்பதில்லை. இயந்திரத்துக்குள் இருக்கும் இவளோ வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நன்றி சொல்கிறாள். எனக்கும் அதே நன்றிதான். ஒரு சொல் கூடுதல் இல்லை. பில் போடாமல் பைக்குள் தள்ளுகிறவர்களிடம்தான் அதிகம் பேசுகிறாள். "அதை வெளியே எடுங்க, மறுபடி காட்டுங்க" என்று உரிமையோடு கண்டிக்கிறாள். அந்தக் கண்டிப்பு எனக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

எங்கள் பரம்பரையில் அடுத்தவரின் குண்டூசியைக்கூட யாரும் தொட்டதில்லை. நேற்று நான் ஒரு சோப்பைப் பில் போடாமல் பைக்குள் போட்டேன்.

இயந்திரத்தின் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரியவில்லை. கடைப்பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் பாக்கலை. எடுத்துட்டுப் போங்க" என்றாள் என் மனைவி, அடுக்களையில் பேசும் தணிந்த குரலில்.

இயந்திரத்தின் பக்கம் குனிந்தேன். "எப்படிடி இருக்கே?" என்றேன்.

"பேச்சை வளர்க்காம நகருங்க. பின்னாடி அவர் நிக்கிறாரு."

திரும்பினேன். என் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வாங்கிய பொருள் எதுவும் அவர் கையில் இல்லை.