நாலு பற்றுச்சீட்டு

கனடாவில், வோபர்ன் மாடிவீட்டின் யன்னலுக்கு வெளியே பனி, கனவில் வருவதுபோலச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வவுனியாவில் விட்டுவந்த வீட்டுக்குச் சோலைவரி அனுப்புவதற்காக, பரிமளம் உறையில் நகரசபை விலாசத்தை எழுதினாள்.

"கூரையே இல்லாத வீட்டுக்கு வரியோ?" என்றார் கணவர் நடராசா.

"நிலம் எங்கடைதானே."

"சரி, வருசத்துக்கு ஒரேயடியாக் கட்டினால் கழிவு தந்து காசைக் குறைப்பினம். நீர் ஏன் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அனுப்புறீர்?"

"அப்பதான் நாலு பற்றுச்சீட்டு வரும்."

"அதை வைச்சுச் சம்பல் அரைக்கப்போறீரோ?"

அவள் சிரித்தபடி தலையணைக்கடியிலிருந்து போனமுறை வந்த பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ. என்ரை பேரை எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறான்."

பார்த்தவர் கட்டிலில் அப்படியே அமர்ந்துவிட்டார்.

"இது... எங்கடை ஜனாவின்ரை கையெழுத்தெல்லோ!"

"ஓம். அங்கை வரிப்பகுதியிலை கிளாக்கரா இருக்கிறான்."

கனடாவுக்கு வரமாட்டேன் என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றவன். ஆறு வருடமாக ஒரு கடிதமும் போடாத மகன். நடராசா அந்த மையை விரலால் மெல்லத் தடவினார்.

"பரிமளம், இதை மாசாமாசம் கட்டேலாதோ?"