வாயைத் திறக்காத பிள்ளை

வெள்ளரிக்காயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வெட்டினான் டைல்ஸ்காரன்.

வேலைத்தளத்தில் சுவரோரத் துண்டுகளுக்குக் காட்டுகிற அதே கவனம். எல்லாத் துண்டும் ஒரே கனம். காரட்டை நட்சத்திரம் நட்சத்திரமாகச் செதுக்கினான். ஆப்பிள் கறுத்துப் போகாமல் எலுமிச்சை பிழிந்தான். வாழைப்பழத்தை ஓட்ஸோடு பிசைந்து வட்ட வட்டமாகச் சுட்டு எடுத்தான்.

இத்தனை பாடும் ஆறு வயது வாண்டு ஒருத்திக்காக.

அப்பா தட்டை வைத்ததும் அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். தலைகீழாக நின்றாலும் திறக்க மாட்டாள். மூன்று மாதமாக இதே கூத்து. ஆனால் கன்னம் மட்டும் துளிகூட வற்றவில்லை. காற்றைக் குடித்தே வளர்கிற பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

சொல்லப்போனால், அந்த வீட்டில் வாயைத் திறக்காதது வாண்டு மட்டும் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் மனைவியின் அண்ணன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உங்க தங்கச்சிக்கு ஊசி குத்துறதத் தவிர வேற என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

பன்னிரண்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நரம்பே அகப்படாத கிழவருக்கும் வீறிட்டு அழுகிற குழந்தைக்கும் வலிக்காமல் ரத்தம் எடுப்பவள். அன்று இரவே அவன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வறட்டு கௌரவம் விடவில்லை.

அப்புறம் எல்லாம் வாண்டு வழியாகத்தான். "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட கேளு". அவன் விடிந்ததும் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புவான். அவள் மதியம் போனால் இரவு ஒன்பதுக்கு வருவாள். கண்ணாமூச்சி ஆடுவதற்கென்றே அமைந்த வேலை நேரம்.

வாண்டு மாலைத் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்த பிறகுதான் அவளிடமிருந்து முதல் போன் வந்தது.

"சாப்பிட்டாளா?" "இல்ல." "என்ன குடுத்தீங்க?"

அவ்வளவுதான், அரை நிமிடம். அடுத்த வாரம் அது ஐந்து நிமிடமானது. இப்போது தினமும் ஐந்தரை மணிக்கு அவளுடைய டீ இடைவேளை முழுக்க அதற்கே போகிறது. பீட்ரூட்டைத் துருவி ஆம்லெட்டில் ஒளித்து வைக்கச் சொல்வாள். தயிரில் மாதுளை கலந்து பார்க்கச் சொல்வாள். நேற்று, அவன் காரட்டில் யானை செய்யப்போய் அது எலியாக முடிந்த கதையைக் கேட்டு ஒரு கணம் சிரித்தும்விட்டாள்.

அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே இன்று ஒரு குளியலறை முழுவதற்கும் டைல்ஸ் ஒட்டி முடித்தான். அவனுக்கு நாளே அந்த ஐந்தரை மணிக்காகத்தான் விடிந்தது.

தட்டை மேசையில் வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கப் பால்கனிக்குப் போனான்.

திரும்பி வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

வாண்டு இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். நட்சத்திரங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆப்பிளும் வாழைப்பழ வட்டங்களும் போன இடம் தெரியவில்லை. அவனைப் பார்த்ததும் வாயில் இருந்ததை அப்படியே விழுங்கினாள்.

"அடிப்பாவி! மூணு மாசமா நடிப்பா?"

"தினமும் ஸ்கூல்ல மதியச் சாப்பாட்ட ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டுருவேன்பா. இன்னைக்கு ஓட்டப்பந்தயம். பசி தாங்கல." அவள் கண்ணில் நீர் முட்டியது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"ஏன்?"

"நான் சாப்பிட்டுட்டா, அப்புறம் நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?"

குற்றம் சொல்கிற குரலில்லை அது. நாளைக்கு என்ன செய்வது என்று கவலைப்படுகிற குரல். கையில் துணியோடு அவன் நின்றான். இரண்டு பெரிய மனிதர்கள் செய்யவேண்டிய வேலையை இந்தப் பொடிசு ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது.

இரு கையிலும் துணி. போனை முழங்கையால் நகர்த்தி, ஒரு விரலால் ஸ்பீக்கரில் போட்டான். அவன் அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை.

"சாப்பிட்டாளா?"

வாண்டு அவனையே பார்த்தாள். தட்டில் ஒரே ஒரு வெள்ளரித் துண்டு கிடந்தது.

"எங்க... வாயே திறக்கல" என்றான்.

வாண்டின் முகம் மலர்ந்தது. மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"எங்கிட்ட மட்டும் என்ன வாழுதாம்? இன்னைக்குக் காலையிலயும் அதே கதைதான். முட்டைய வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பாக்கல."

வாண்டு புருவத்தைச் சுருக்கினாள். அவன் சட்டையை இழுத்துக் குனிய வைத்து, காதோடு காதாகச் சொன்னாள்.

"அம்மா பொய் சொல்றாங்கப்பா. ரெண்டு முட்டை சாப்பிட்டேன். அம்மாதான் ஊட்டிவிட்டாங்க. தினமும் ஊட்டிவிடுவாங்க."

அவன் துணிகளைக் கீழே போட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்படியா?" என்றான் போனில். "அரை மணி நேரமா கெஞ்சின? என்னதான் நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு."