நொடிக்கு அறுபது

கம்பெனி தயாரிக்கும் சண்டை வீடியோ கேமுக்கு ஒரு வில்லன் முகம் வேண்டும் என்றதற்கு, ரோஸ்லின் தன் வீட்டுக்காரர் முகத்தையே கம்ப்யூட்டரில் அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தாள், தாடைத் தழும்பு உட்பட. தினமும் கம்பெனி வாசலில் பைக்கோடு நிற்கும் மனுஷனை யாருக்குத்தான் தெரியாது? சித்திரை வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போடுவது ஏன் என்றும் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் யாரும் கேட்டதில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டதோடு சரி.

இன்ஜினியர் குபேந்திரனின் கவலை வேறு. "இவ்ளோ நுணுக்கமா இருந்தா செகண்டுக்கு முப்பது ஃபிரேம், முப்பது படம்தாம்மா ஓடும். கேம் ஆடுற பெட்டி திணறுது. கண்ணு, தழும்பெல்லாம் குறைச்சா அறுபது. குத்து சட்டுனு விழும்."

"மெதுவாவே விழட்டும் சார். வலிக்கிறது மூஞ்சில தெரியணும்."

"நீயே ஆடிப் பாரு" என்று கன்ட்ரோலரை நீட்டினார்.

முதல் குத்தில் திரையில் அந்த முகத்தின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் மூக்கு உடைந்து, மீசையின் ஒவ்வொரு முடியிலும் ரத்தம் இறங்கியது. பின்னால் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாவதற்கு அவள் ஓங்கியபோது அந்த முகம் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தது. கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். திரையில் அவன் திருப்பி அடிக்க ஆரம்பித்தான்.

கைதட்டல் நின்றது.

"அந்தக் கண்ண எடுத்துடுங்க சார்" என்றாள், விரல்களுக்குப் பின்னாலிருந்து. "அறுபதே ஓடட்டும்."